டிஸ்க்கில் ஒட்டிய எழுத்து

எங்கள் ஆவணக்காப்பகத்தில் யார் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாலும், நான் முதலில் கேட்பது, எங்கள் வழக்கப்படி யாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஏழு தலைமுறை முன்னோர்களின் பெயர்களைத்தான். தடுமாறினால் அன்றைக்கு என் கையால் தேநீர் கிடையாது. இதற்காகவே என்னைக் கிண்டல் செய்பவர்கள் எங்கள் ஊரான கரகண்டாவில் உண்டு. செய்யட்டும்.

அப்படிப்பட்ட நான் சர்வரிலுள்ள எட்டு டிஸ்க்குகளுக்குப் பெயர் ஒட்டிய லட்சணத்தைக் கேளுங்கள். சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும், டிஸ்க்குகள் விழிக்கிற வரிசையில் ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுக்கும். அன்றைக்குக் கிடைத்த எழுத்தை மார்க்கரால் எழுதி முகப்பில் ஒட்டிவிட்டேன். டிஸ்க்கோடு பிறந்த வரிசை எண் அதன் மேலேயே அச்சாகியிருந்தது. நீளமான எண். எழுதச் சோம்பல்.

டி-யில் கடந்த இலையுதிர்காலப் பதிவுகள் இருந்தன. காப்பகத்துக்காகப் பேட்டி எடுப்பவள் ஸௌரேஷ்; அவளுடைய அம்மா பேசிய மூன்று மணி நேரமும் அதில்தான். கைதி முகாமில் பிறந்த கதையை அந்த அம்மாள் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. "நான் போனப்புறம் நாப்பதாம் நாள் எல்லாரும் சேந்து கேளுங்க" என்று, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, எங்கள் மைக்கிடம் மட்டும் சொன்னார். டிசம்பரில் போய்விட்டார். நாற்பதாம் நாளுக்கு இன்னும் இரண்டே நாள். பிரதி எடுக்கவில்லை. அதற்கு இடம் வேண்டுமென்றுதான் அன்று காலை, பழைய சி-யை முழுக்க அழிக்கும்படி உத்தரவைத் தட்டினேன்.

ஸௌரேஷ் எண்ணெயில் பொரித்த பௌர்சாக் ரொட்டித் தட்டோடு வந்தாள். பெரியவர் என்ற மரியாதையில் என்னை அகாய் என்பாள்.

"சூடா இருக்கு, சாப்பிடுங்க அகாய். விடியக்காலையில கரண்டு போய் சர்வர் படுத்துடுச்சு. நான்தான் மறுபடி எழுப்பி விட்டேன். உங்களை எதுக்குப் பனியில வரச் சொல்றதுன்னு பேசாம இருந்துட்டேன்."

பழைய டிஸ்க் குளிரில் தாமதமாகத்தான் விழிக்கும். அது பின்தங்கியிருந்தால், சி என்ற அதன் எழுத்து அடுத்த டிஸ்க்கான டி-க்குப் போயிருக்கும். உத்தரவை நிறுத்தினேன். நாற்பத்தொரு விநாடி ஓடியிருந்தது.

"என்னாச்சு? ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?"

"டி-ன்னு ஒட்டியிருக்கிற டிஸ்க்கை உருவி, அதுமேல இருக்கிற நம்பரைப் படிம்மா. மெதுவா."

நான் இப்போது அழித்த டிஸ்க்கின் எண் திரையில் இருந்தது. ஓர் இலக்கமாவது மாறியிருக்கக் கூடாதா என்று கெஞ்சிக்கொண்டே கேட்டேன்.

"ஏழு. ஒண்ணு. ஒண்ணு. நாலு."

திரையிலும் அதேதான்.

"ஒம்போது. சைபர்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது, பள்ளிப்பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"மூணு. எட்டு. அவ்ளோதான்."

மூன்று. எட்டு.

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவு பயம். ஆனாலும் அழிந்தது அவள் அம்மாவின் பேச்சு என்று சொல்லிவிட்டேன். அவள் டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"விருந்துல எவன் எந்த இடத்துல உக்காந்திருக்கான்னு பாத்தா ஆளைக் கண்டுபிடிப்பீங்க அகாய்? எங்களையெல்லாம் ஏழு தலைமுறை கேட்டீங்களே. இதுக்கு ஒரு நம்பர் கேக்கத் தோணலையா?"

இரண்டு நாளும் வீட்டுக்குப் போகாமல், டிஸ்க்கில் மிஞ்சியதைச் சுரண்டி எடுத்தேன். இரண்டேகால் மணி நேரப் பேச்சு கிடைத்தது. தொடக்கம் போனது போனதுதான்.

நாற்பதாம் நாள் ஸௌரேஷ் வீட்டில் உறவெல்லாம் கூடியிருந்தது. நானே போய், கடைக்கோடி இடமான வாசலோரம் உட்கார்ந்துகொண்டேன். பதிவை ஓடவிட்டார்கள். அம்மாளின் குரல் பாதி வாக்கியத்தில் தொடங்கியது.

"...அதுக்கப்புறம் எங்கம்மா என்னைத் தேடி வரவே இல்ல."

"எதுக்கப்புறம்?" என்றான் ஸௌரேஷின் தம்பி.

ஸௌரேஷ் என்னைப் பார்த்தாள்.