அடுத்த டிரேயின் எண்

மூன்று சனிக்கிழமை, மூன்று வெவ்வேறு ஷிப்ட், ஒரே ஆள். மாடசாமி மீதான புகார் அவ்வளவுதான்.

ஃபர்னஸின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் பெட்டி அவர் வேலையில் இருக்கும்போது மட்டும் நின்றுபோனது. நின்ற நேரத்துக்குப் பதிவு இல்லை. பதிவில்லாத கியர்கள் ஸ்கிராப்புக்குப் போயின. அவரே சுவிட்சை அணைத்துவிட்டு ஊர் பஸ்ஸுக்கு ஓடுகிறார் என்று நிர்வாகம் முடிவு செய்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. கான்ட்ராக்ட் ஆளுக்கு விசாரணை என்றால் கேட் பாஸைத் திருப்பிக் கொடுப்பது என்று அர்த்தம்.

பெட்டியைச் செய்தது ஓசூரில் ஆறு பேர் மட்டுமே உள்ள ஒரு கம்பெனி. பதிவுகளைப் பெட்டிக்குள் அடுக்கி வைத்து, கேட்டால் எடுத்துத் தரும் ஃபைல் சிஸ்டத்தை எழுதியவள் சுமலதா. ஆபீஸில் பன்னிரண்டு நாள் அதை நிறுத்தாமல் ஓட வைத்துப் பார்த்திருந்தாள். நிற்கவில்லை. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. வியாழக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்கே போனாள்.

சூப்பர்வைசர் திம்மப்பன் யாரிடமோ போனில் தெலுங்கில் பேசி முடித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"சானமாவு காட்டு ரோட்டுல யானை நின்னா நம்ம பஸ் நிக்கும். இந்தாளு நின்னா உங்க பெட்டி நிக்குது. இதுல பார்க்க என்னம்மா இருக்கு?"

"பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தாள். பெட்டியில் எவ்வளவு மெமரி மிச்சம் என்று ஓர் எண் தெரிந்தது. முதல் ஷிப்டில் இன்னொரு தொழிலாளி மாதேஷ் கியர் அடுக்கிய டிரேக்களை ஃபர்னஸில் ஏற்றிக்கொண்டிருந்தான். எண் இறங்கும், ஏறும், பழைய இடத்துக்கே வரும். இரண்டு மணிக்கு மாடசாமி வந்தார். அவர் ஏற்றிய முதல் டிரேக்கு எண் கொஞ்சம் இறங்கியது. திரும்ப ஏறவில்லை. இரண்டாவது டிரேக்கும் அப்படியே.

அவள் திரையை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தாள். கையைத் துடைத்தார். பெட்டியில் டிரே எண்ணை அடித்துத் தேடினார். 'பதிவு இல்லை' என்று வந்தது. பிறகு அதே எண்ணை மறுபடி அடித்து டிரேயை ஏற்றினார்.

"எதுக்குண்ணா ரெண்டு தடவை அடிக்கறீங்க?"

மாடசாமி பயந்துபோனார். "தப்பா மேடம்? பழைய கம்பெனில ஒரே நம்பர்ல ரெண்டு டிரே போயிட்டு. எது வெந்தது, எது வேகலன்னு தெரியாம முழிச்சோம். அதுல இருந்து நம்பர் காலியா இருக்கான்னு பாக்காம ஏத்த மாட்டேன்."

"ஒவ்வொரு டிரேக்குமா?"

"ஒண்ணு விட மாட்டேன்."

ஒரு ஷிப்டுக்கு ஐம்பது டிரே. திங்கள் முதல் சனிவரை முந்நூறு. ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரியில் கரண்ட்டை அணைத்துவிடுவார்கள். திங்களன்று பெட்டி புதிதாகத் தொடங்கும். ஒவ்வொரு தேடலுக்கும் கொஞ்சம் இறங்கினால் சனிக்கிழமை மெமரி தீர்ந்துவிடும். சுமலதாவுக்கு வேறு கணக்கு தேவைப்படவில்லை.

கேன்டீன் மேசையில் உட்கார்ந்து தன் நிரலைத் திறந்தாள். ஒரு பதிவைக் கேட்டால் ஃபைல் சிஸ்டம் கொஞ்சம் மெமரியை எடுத்துக்கொண்டு தேடும். பதிவு கிடைத்தால், வேலை முடிந்ததும் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எடுத்தது எடுத்ததுதான். அவளுடைய சோதனை, இருக்கும் பதிவுகளை மட்டுமே கேட்டிருந்தது. இல்லாததைக் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

திருத்தம் ஒரு வரி. அதோடு எழுந்திருக்க மனம் வரவில்லை. நிரலில் பாதியில் வெளியேறும் இடங்கள் நாற்பத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இன்னும் இரண்டு இடங்களில் அதே மறதி. அவற்றையும் திருத்தினாள். இல்லாத பதிவைப் பத்தாயிரம் தடவை கேட்க வைத்தாள். மெமரி எண் தொடங்கிய இடத்திலேயே நின்றது.

மறுநாள் காலை ஆபீஸில் முதலாளி கமலக்கண்ணன் எல்லாவற்றையும் கேட்டார்.

"நல்ல வேலை. சத்தமில்லாம அப்டேட் போட்டுட்டு வந்துடு. விசாரணை அவங்க வீட்டு விஷயம்."

"அவர் வேலை போயிடும் சார்."

"அவருக்கு வேற கம்பெனி கிடைக்கும். சிப்காட்ல கம்பெனிக்கா பஞ்சம்?"

"அப்ப எனக்கும் கிடைக்கும் சார்."

கமலக்கண்ணன் கார் சாவியை எடுத்தார். "பழைய நிரல் இருக்கற பெட்டி ஒண்ணு, திருத்தினது ஒண்ணு, ரெண்டையும் பத்திரமா எடுத்து வை. நானும் வரேன்."

விசாரணை அறையில் மேனேஜர் பார்வதி, திம்மப்பன், கதவோரம் மாடசாமி. சுமலதா பழைய பெட்டியை மேசைமேல் வைத்தாள். இல்லாத டிரே எண்ணை முந்நூறு தடவை கேட்கச் சொன்னாள். ஒரு நிமிடம் ஆகவில்லை. திரை உறைந்துவிட்டது.

"யாரும் சுவிட்சைத் தொடல மேடம். நான் எழுதினதுல தப்பு."

"மத்தவங்க ஷிப்ட்ல ஏன் நிக்கல?" என்றார் பார்வதி.

"மத்தவங்க யாரும் பார்க்கறதில்ல. ஏத்தறதுக்கு முன்னாடி நம்பரைப் பார்க்கறது இவர் ஒருத்தர்தான்."

பார்வதி திருத்திய பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, தானே எண்ணை அடித்துப் பார்த்தார்.

"அடுத்த வாரம் சனிக்கிழமைவரை ஓடட்டும். அதுக்கப்புறம் இந்த ஃபைலை மூடறேன்."

திருத்திய பெட்டியை ஃபர்னஸில் மாட்டினார்கள். மாடசாமி வேலைக்குத் திரும்பினார். முதல் டிரே எண்ணை ஒரே தடவை அடித்து ஏற்றப்போனார். தேடவில்லை.

"தேடிப் பாருங்கண்ணா."

"வேண்டாம் மேடம். ஒரு வாரம் சும்மா இருந்துட்டுப் போறேன்."

"நீங்க பார்க்கலன்னா நான் திருத்தினது சரியான்னு யாருக்குத் தெரியும்? பெட்டி ஓடும். ஆனா பழி உங்க மேலயேதான் நிக்கும்."

அவர் அவளைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு தேடினார். 'பதிவு இல்லை.'

மறு வாரம் சனிக்கிழமை ஷிப்ட் முடியும்வரை சுமலதா ஃபர்னஸ் பக்கத்தில் நின்றாள். திங்கள் தொடங்கி முந்நூற்றுப் பதினோரு டிரே. மெமரி எண் இறங்கியது, ஏறியது, பழைய இடத்துக்கு வந்தது. சைரன் அடித்தது. திம்மப்பன் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாடசாமி, பஸ்ஸுக்குப் போகலியா?"

"மாதேஷ் வரட்டும் சார்" என்றார் மாடசாமி. "அடுத்த நம்பரை எப்படிப் பார்க்கணும்னு காட்டிட்டுப் போறேன்."