கிளட்சை எரித்தவள்

எங்கள் பைக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் தன் வண்டியை யார் மடத்தனமாகக் கெடுத்தாரோ, அவரை ஈஸ்டர் கூட்டத்தில் நாற்காலி மேல் ஏற்றி நிறுத்துவார்கள். பலகையில் ஆணியடித்த பழைய கிளட்ச் பிளேட் ஒன்றைப் பரிசாகக் கொடுப்பார்கள். பலகையில் அவர் பெயரைச் செதுக்கியிருப்பார்கள். ஒரு வருஷம் அதை வீட்டில் மாட்டி வைத்தே ஆகவேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் அது எனக்குக் கிடைத்தது. பெயரைச் செதுக்கியவன் என் புருஷன் டெஸ்.

எங்கள் இருவருக்கும் ஒரே பைக்தான். எண்பத்து நான்கில் வாங்கிய ஜெர்மன் வண்டி. நீண்ட தூரப் பயணங்களில் ஆளுக்கு நூறு மைல் என்று முறை போட்டு ஓட்டுவோம். அந்த வருஷம் கிழக்குக் கடற்கரை வரை போவதாகத் திட்டம். எங்கள் ஊர் போர்ட் அகஸ்டாவிலிருந்து கிளம்பி ஹாரக்ஸ் கணவாய் ஏற்றத்தில் நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது என்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. அரை மணி நேரத்தில் பயணம் முடிந்தது.

"கிளட்ச் லிவர்ல ரெண்டு விரல் வெக்காம இவளுக்கு ஓட்ட வராது," என்று ஈஸ்டர் கூட்டத்தில் டெஸ் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "பாதி பிடிச்சு, பாதி விட்டு, டோஸ்ட் மாதிரி கருக்கிட்டா மகராசி!"

எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலி மேல் நின்றுகொண்டு நானும் சிரித்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு நான் சாவியைக் கேட்கவில்லை, அவனும் கொடுக்கவில்லை. ஆறு வருஷமாகப் பின் சீட்டில் உட்கார்ந்து அவன் ஹெல்மெட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலை பார்க்க வந்தவளுக்கு அதுதான் காட்சி.

இந்த மார்ச்சில் அதே ஏற்றத்தில் வண்டி அதே மாதிரி அலறி நின்றது. ஓட்டியவன் டெஸ்.

"இப்ப யாரு எரிச்சது?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு நீ பண்ணின சேதம், ரே. இப்பத்தான் வெளிய வருது."

"புது பிளேட் போட்டியே. அதுக்குள்ள நான் எப்படிப் போனேன்?"

அவன் வண்டியை இழுத்துப்போக டோ லாரிக்கு போன் பண்ணினான்.

சனிக்கிழமை காலை நெவில் வந்தான். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், கிளப்பில் எல்லோர் வண்டிக்கும் அவன்தான் வைத்தியன். அந்த வண்டியில் கிளட்ச் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். பின் சக்கரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினால்தான் அதன் முகத்தைப் பார்க்கலாம். டீ கொண்டுபோய் வைத்துவிட்டு ஷெட்டிலேயே நின்றேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

மத்தியானம் கியர்பாக்ஸ் வெளியே வந்தது. கூடவே அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம். கியர் ஆயில். நெவில் பிளேட்டை எடுத்து வெர்னியர் அளவுகோலில் அளந்தான். மறுபடியும் அளந்தான்.

"தேயவே இல்லயேப்பா. கனம் புதுசு மாதிரியே இருக்கு. எண்ணெயில ஊறித்தான் வழுக்கியிருக்கு. இத யாரும் எரிக்கல." பிறகு கியர்பாக்ஸின் மூக்கில் டார்ச் அடித்தான். "எண்ணெய் கசியாம அடைக்கிற ரப்பர் சீலோட உதடு உள்ள மடங்கிக் கிடக்கு. சுத்தியலால அடிச்சு ஏத்தியிருக்கான் ஏதோ ஒரு மண்டு. யாரு போட்டது?"

யார் போட்டது என்று மூன்று பேருக்கும் தெரியும். முதல் தடவை கணவாயில் நின்றதற்கு முந்தின குளிர்காலத்தில் டெஸ் அந்த சீலைத் தானே போட்டு, அதைப் பற்றி ஒரு மாதம் பெருமை அடித்துக்கொண்டான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "டெஸ், ஆறு வருஷம் முன்னாடி பிளேட்ட மாத்தினது நீ. அப்பவும் இந்த எண்ணெய் இருந்திருக்குமே?"

அவன் கைத்துணியை மடித்துக்கொண்டே இருந்தான். "கொஞ்சூண்டுதான் இருந்துச்சு," என்றான் கடைசியில். "துடைச்சிட்டேன்."

"துடைச்சிட்டு, சீலத் தொடாம மூடிட்டு, பலகையில எம்பேரச் செதுக்கினியா?"

"சும்மா சிரிக்கத்தானே, ரே."

"விடு கண்ணு," என்றான் நெவில். "கிளப்புல அதெல்லாம் இப்ப எவனுக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு."

அந்தத் துணியைப் பிடுங்கி அவன் வாயில் அடைக்க வேண்டும் போலிருந்தது. அழக்கூடாது என்று மட்டும் தீர்மானமாக இருந்தேன்.

"நீ யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றேன் டெஸ்ஸிடம். "வேலை முடிஞ்சதும் சாவி எங்கிட்ட வரணும். முதல்ல நான்தான் ஓட்டுவேன். கணவாய் ஏறி இறங்கி வருவேன், தனியா."

டெஸ் சரி என்று தலையை ஆட்டினான்.

புது சீல், புது பிளேட், புது ஸ்பிரிங் எல்லாம் போட்டு முடிக்க திங்கள் மத்தியானம் ஆனது. ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு வந்தேன். டெஸ் சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். ஏறி உட்கார்ந்து கிளப்பினேன். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது, சுத்தமான சத்தம். கியர் போடக் கிளட்சைப் பிடித்தேன்.

லிவர் பாதி வந்து நின்றது. கட்டைவிரல் மூட்டில் கத்தி இறங்கியது மாதிரி வலி. ரெண்டு வருஷமாக ஜாம் பாட்டிலை டெஸ்தான் திறந்து தருகிறான். அதை நான் இத்தனை நாள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. மறுபடி பிடித்தேன். வலது கையையும் குறுக்கே கொண்டுவந்து ரெண்டு கையாலும் இழுத்தேன். ரெண்டு கையும் அதில் இருந்தால் வண்டியை யார் ஓட்டுவது?

"புது ஸ்பிரிங்கு, கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும்," என்று நெவில் தரையைப் பார்த்துச் சொன்னான்.

டெஸ் நக்கலாக எதையாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவன் பக்கத்தில் வந்து, நாற்பது வருஷத்தில் நான் கேட்காத அளவு மெதுவான குரலில், "நகரு ரே, நான் ஓட்டுறேன். நீ பின்னாடி உக்காந்துக்க," என்றான்.

"ஆறு வருஷம் முன்னாடி என்னால இதப் பிடிக்க முடிஞ்சுது, டெஸ்."

"தெரியும்," என்றான்.

அவன் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டான். நான் இறங்கினேன்.