ஐந்து கொப்பிகளுக்கு ஒரு கை

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் சொன்னது. நான் கதை எழுதுகிறவன் என்று உளறிவைத்திருந்தேன். "எழுதுங்க சார், ஆனா என் பேரப் போட்டுறாதீங்க" என்றாள். ஆகவே கிருஷாந்தி. ஆஸ்பத்திரி எதுவென்று நீங்களும் துருவ வேண்டாம். மலைநாட்டில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அங்கே பிரஷர் கிளினிக்குக்கு வருகிறவர்களின் விபரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை.

2

முதல் தொடக்கம்: "மூடுபனி விலகாத அந்தக் காலையில், கிருஷாந்தியின் மனதைப் போலவே மலைகளும்…"

வேண்டாம். அவள் வேலை செய்யும் அறைக்கு ஜன்னலே கிடையாது.

இரண்டாவது தொடக்கம்: திரையில் ஐந்து வரிகளைப் பார்த்துக் கிருஷாந்தி கையை நிறுத்தினாள். ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே டிவிஷன், ஐந்து பெண்கள். ஐவருக்கும் பிரஷர் 130/80. போன மாதத்தைத் திறந்தாள். ஐவருக்கும் 126/82. அதற்கு முந்தைய மாதம் 134/84, அதுவும் ஐவருக்கும்தான்.

(இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.)

தான்தான் தப்பாக ஏற்றிவிட்டோமோ என்று பதறிப்போய்ப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். பிரஷர் பார்க்கும் நர்ஸ் மிஸ்ஸியின் கையெழுத்தில் அதே எண்கள் இருந்தன.

3

அடுத்த கிளினிக் நாளில் அந்த ஐவரில் ஒருத்தியான ராசம்மா வந்தாள், பையில் பிரஷரும் மருந்தும் எழுதும் ஐந்து கிளினிக் கொப்பிகளோடு. கிருஷாந்தி அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மத்தவங்க எங்கக்கா?"

"மலையில கொழுந்து எடுக்கிறாங்கம்மா. அஞ்சு பேரும் கீழ வந்துட்டா வேல வாங்குற கண்டாக்கையா சும்மா விடுவாரா? மாசத்துக்கு ஒருத்தின்னு முறை வச்சிருக்கோம். வர்றவ எல்லாரு மருந்தையும் வாங்கிட்டுப் போயிருவா."

"அப்போ பிரஷர் யாருக்குப் பாக்கிறாங்க?"

"வந்தவளுக்குத்தான். இருக்கிறது ஒரு கைதானே! அதப் பாத்து அஞ்சு கொப்பியிலயும் எழுதிருவாங்க."

ராசம்மா எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது இருப்பதாகவே அவளுக்குத் தெரியாது. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள்.

"எங்க அஞ்சு பேருல இந்த அம்மாக்கண்ணுதான் பாவம். தலை சுத்துது, கண்ணு மங்குதுங்கிறா. அவ முறை வந்தப்பக்கூட இறக்கம் எறங்க முடியலன்னு என்னையத்தான் அனுப்பிவிட்டா. மாத்திரைய வேற பாதியாக் கொறச்சிட்டாங்க."

மாத்திரை குறைந்த காரணம் கிருஷாந்திக்கு உடனே புரிந்தது. மூன்று மாதம் எண்கள் நன்றாக இருந்தால் கம்ப்யூட்டர் அந்தப் பெயரை "கட்டுப்பாட்டில்" என்ற பட்டியலுக்கு மாற்றிவிடும். டாக்டர் நிலக்ஷி அதைப் பார்த்துத்தான் மருந்தைக் குறைப்பார். அப்படியொரு பட்டியலைக் கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுத்தவளே கிருஷாந்திதான். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டிப் பாராட்டியிருந்தார்கள்.

4

மிஸ்ஸியை வில்லியாக்கிப் பார்த்தேன். சிடுமூஞ்சி, எடுத்தெறிந்து பேசுகிறவள், கையில் எந்நேரமும்…

ஒட்டவில்லை. ஒரு காலையில் நூற்று நாற்பது கொப்பிகள் பார்க்கிறவள் அவள். கொப்பியில் பிரஷர் கட்டம் காலியாக இருந்தால் மருந்து கொடுக்குமிடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெண்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்றுதான் எழுதியிருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. கதைக்கு இது நஷ்டம்தான்.

கிருஷாந்திக்கும் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. வெளியே சொன்னால், ஆள் வராவிட்டால் மருந்து இல்லையென்று சுவரில் அறிவித்தல் ஒட்டிவிடுவார்கள். நான்கு பேருக்கு மருந்து நின்றுபோகும், மிஸ்ஸி விசாரணைக்குப் போவாள். சொல்லாவிட்டால், பாதி மாத்திரையோடு அம்மாக்கண்ணு ஒருநாள் கொழுந்து மலையிலேயே சாய்ந்துவிடக்கூடும்.

5

முடிவு அ: கிருஷாந்தி சொல்கிறாள். அறிவித்தல் ஒட்டப்படுகிறது. அடுத்த மாதம் ஐந்து கொப்பிகளில் ஒன்றுதான் வருகிறது. (நடக்கக்கூடியது. எழுத மனம் ஒப்பவில்லை.)

முடிவு ஆ: கம்ப்யூட்டரில் "ஆள் வரவில்லை, மருந்து கொடுக்கப்பட்டது" என்று புதிதாக ஒரு கட்டம் சேர்க்கிறார்கள். அந்தக் கட்டம் நிறைந்த டிவிஷன்களுக்கு மாதமொருமுறை டாக்டர் நிலக்ஷியே மெஷினோடு போகிறார். (நடக்க வேண்டியது. நடந்தது என்று எழுத என்னிடம் ஆதாரமில்லை.)

6

பஸ்ஸில் நான் கேட்டேன், "டாக்டர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்." மடியிலிருந்த பையைத் தொட்டுக்காட்டினாள். உள்ளே பிரஷர் மெஷின். "இப்ப அம்மாக்கண்ணு அக்காவப் பாக்கத்தான் போறேன். நெசமான நம்பர் ஒண்ணாவது கையில இருந்தாத்தான் பேச முடியும்."

"ரொம்பக் கூடுதலா இருந்தா?"

"கையோட கூட்டிட்டு வந்துருவேன். நாளைக்கு என்னைய என்ன சொன்னாலும் சொல்லட்டும்."

ஒரு தோட்டத்துச் சந்தியில் இறங்கி, தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போகும் படிகளில் ஏறத் தொடங்கினாள். பஸ் கிளம்பிவிட்டது. அவள் போன் நம்பரைக்கூட நான் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து முடிவு இ எழுதினேன். லயத்து வாசலில் அம்மாக்கண்ணு கையை நீட்டுகிறாள், கிருஷாந்தி பட்டியைச் சுற்றுகிறாள், 210/120. நல்ல விறுவிறுப்பாகத்தான் வந்தது. திரும்ப வாசிக்கும்போதுதான் உறைத்தது. அந்த அம்மாவை நான் கண்ணால் கண்டதில்லை. காணாமலேயே எழுதிவிட்டேன், மிஸ்ஸியைப் போல. அவளுக்காவது நூற்று நாற்பது கொப்பிகள் இருந்தன. எனக்கு இருந்தது ஒன்றுதான். வெட்கமாக இருந்தது. வெட்டிவிட்டேன்.

அம்மாக்கண்ணு: ____ / ____

நீங்களும் நிரப்ப வேண்டாம். ஆள் அங்கே மலையில் இருக்கிறாள். போய்ப் பார்த்தவர்கள் எழுதட்டும்.