வரப்பாகிப் போன கை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுங்களா, கடற்காற்றில் பாதிப் பேச்சு பறந்துவிடும். ஒரு மாஜிஸ்ட்ரேட்டின் வலது கை டவுன் கோர்ட்டிலிருந்து மரக்காணம் உப்பளம் வரைக்கும் நீண்டது. ஆள் நாற்காலியில்தான் இருந்தார். கை மட்டும் இங்கே வந்தது.

மூன்று வருஷம் வரை ஜெயில் கொடுக்கலாம் என்றிருந்த மாஜிஸ்ட்ரேட்டுகள் இனி ஏழு வருஷம் கொடுக்கலாம் என்று இரண்டாயிரத்து ஐந்தில் சட்டசபையில் மேசையைத் தட்டிச் சட்டம் போட்டார்கள். சத்தம் ஓய்வதற்குள் சித்தார்த்தன் என்கிற மாஜிஸ்ட்ரேட்டுக்குக் கை வளரத் தொடங்கிவிட்டது. ஆடியில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பொரி விற்றவளைத் தூக்கியது. ஐப்பசியில் உப்பளத்தை எட்டியது. சட்டைத் துணி போதாமல் டெய்லர் தார்ப்பாயை ஒட்டுப்போட்டார். உப்பள முதலாளியின் பங்களா வாசலில் மட்டும் அது முழங்கையில் பணிவாக மடங்கி, காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பும். அத்தனை மரியாதை தெரிந்த கை.

அந்த ஐப்பசி மழையில் உப்பளத்து ஆட்கள் குடியிருக்கும் காலனிக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடியவிடாமல் மறித்தது முதலாளியின் பாத்தி வரப்பு. ஆராயியின் புருஷன் சகாதேவன் மண்வெட்டியால் அதை வெட்டிவிட்டான். தண்ணீர் வடிந்தது, பிள்ளைகள் பிழைத்தன, அவன்மேல் கேஸ் விழுந்தது. முன்பென்றால் சில மாதத்தில் வந்திருப்பான். புது அதிகாரத்தை யாரிடம் ருசி பார்க்கலாம் என்று அலைந்த கைக்கு ஏழு வருஷமும் வேண்டியிருந்தது. ஆராயிக்கு வயிற்றில் பிள்ளை. அது பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் அப்பன் முகத்தைப் பார்க்கும்.

தீர்ப்பில் கையெழுத்துப் போடுமுன் வெட்டியவன் கையாலேயே அந்தப் பாத்தி உப்பு சாட்சிக்கு வேண்டுமென்று, மாசியில் அந்தக் கை வரப்பின் உடைப்புக்கே வந்து குறுக்கே படுத்து உள்ளங்கையை விரித்தது. சகாதேவனை ஜெயிலிலிருந்து அங்கே கூட்டி வந்திருந்தார்கள், ஆராயியும் வந்து நின்றாள்.

"டேய், ஒரு பிடி உப்ப அள்ளி ஐயா கையில வெய்டா" என்றார் போலீஸ்காரர்.

உப்பளத்தில் யாரும் உப்பைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கீழே வைப்பார்கள், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். கை மாறினால் பகை.

"கைக்குக் கை வாங்க வேணாம்னு சொல்லுங்க ஐயா" என்றாள் ஆராயி. "கீழ வெப்பாரு, அப்புறமா எடுத்துக்கட்டும்."

"அதுக்கு எப்படிம்மா கேக்கும்? காது கோர்ட்டுல இல்ல இருக்குது."

"ஏழு வருஷத்தத் தூக்கிக் குடுத்தவங்க, கூட ஒரு காதையும் குடுத்து அனுப்பியிருக்கலாம்."

கைக்குப் பொறுமையில்லை. சகாதேவன் உள்ளங்கையிலிருந்து உப்பைப் பிடுங்கியது. விரல் நுனியில் வெளுப்பு ஏறி, அப்படியே தோள்வரைக்கும் உப்பாக இறுகிப்போனது.

கிடந்த வாக்கில் உடைப்பையும் இடைவெளியில்லாமல் அடைத்துக்கொண்டது. வரப்பு முழுசாக இருக்கும்போது வெட்டியவன் என்று யாரைக் காட்டுவது? அரசு வக்கீல் தலையைச் சொறிந்தார். கையெழுத்துப் போடும் கையோ உப்பளத்தில் கிடந்தது. சகாதேவன் கருவாட்டுக் குழம்புக்கு வீடு வந்து சேர்ந்தான். பிள்ளை பிறந்தபோது வாசலில் நின்றான்.

சித்தார்த்தன் அதே நாற்காலியில் இடது கையால் மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். இடது கைக்கும் அதிகாரம் கொடுக்கச் சட்டசபையில் யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும், இன்னும் இரண்டு வரப்பு உடைந்துதான் கிடக்கிறது. பெண்கள் கூடையோடு அந்தக் கைமேல் நடந்து பாத்திக்குப் போகிறார்கள். எந்த மழைக்கும் அது கரையவில்லை. விரல் முட்டி கிட்டே கொஞ்சம் வழுக்கும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு உப்புச் சட்டி என்றைக்கும் நிறைந்திருக்கட்டும் கண்ணுங்களா. வெளியே போன ஆள் விளக்கு வைக்குமுன் வீடு திரும்பட்டும்.