கட்டில் கம்பியில் ஒரு வண்டி

அக்காவின் கன்னத்தில் அறை விழுந்தபோது வெல்டர் முகமூடிக்குள் இருந்தான். பொறி பறக்கும் சத்தத்தையும் மீறிக் கேட்டது. முகமூடியைத் தூக்கிப் பார்த்தால், அவள் தரையில் சிதறிய நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பேட்டரி ஒயரில் சிவப்புக்குப் பதில் கறுப்பை நீட்டிவிட்டாளாம்.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்ற மாமா, இவன் பக்கம் திரும்பினார். “நீ வேலையப் பாரு மாப்ள.”

மாமா எலக்ட்ரீஷியன். யாரோ வீட்டிலேயே கரண்ட் வண்டி செய்து ஓட்டுவதைக் கைபேசியில் பார்த்ததிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. கையைக் கடிக்காமல் தானும் ஒன்று செய்து, படம் பிடித்துப் போட்டு, பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். சட்டத்துக்குப் பழைய இரும்புக் கட்டில். இருக்கைக்குக் காலை அறுத்த பிளாஸ்டிக் நாற்காலி. மோட்டாரும் பேட்டரியும் அடிபட்டு நொறுங்கிய ஒரு கரண்ட் ஸ்கூட்டரிலிருந்து. பற்றவைக்க ஓசியில் மைத்துனன், எடுபிடிக்குப் பெண்டாட்டி.

போன வருடம் வெல்டர் ஒருமுறை மாமாவின் சட்டையைப் பிடித்துக் கேட்கப் போய், ஒரு பல்லைத் தொலைத்துவிட்டு வந்தான். அன்று அவன் கேட்டதற்கும் சேர்த்து அக்கா வாங்கினாள். போலீசுக்குப் போகலாம் என்றால் அவளே கையெடுத்துக் கும்பிட்டாள்.

வெல்டிங்கில் முதலில் இரண்டு இடத்தில் பொட்டு வைத்துத் துண்டுகளை நிறுத்திக்கொள்வார்கள். அளவு சரியாக இருந்தால்தான் சுற்றிவர முழுதாகப் பற்றவைப்பது. ஸ்டியரிங் கம்பிக்கு வெல்டர் பொட்டு மட்டும் வைத்தான். மேலே பட்டி பூசித் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்தான். வேகத்தில் ஒரு திருப்பம் போதும். அவர் சாகட்டும் என்று நினைத்தான், ஆசை ஆசையாக நினைத்தான். கொல்ல நினைக்கும்போதுகூட மனதுக்குள் ‘அவர்’ என்றுதான் வந்தது. பழக்கதோஷம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்திலிருந்த ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த சிமென்ட் தளத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாமா ஏறி உட்கார்ந்தார். வண்டி முக்கி முனகி ஊர்ந்தது. நடக்கிறவன் முந்திவிடுவான்.

“பழைய மோட்டாரு, என் வெயிட்டத் தாங்கல,” என்று இறங்கியவர், அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். “நீ உக்காருடி. எலும்பும் தோலுமாத்தான இருக்க. படத்துல சும்மா பறக்கணும்.”

வெல்டர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். “நான் ஓட்டறேன் மாமா.”

“நீயும் தடியன்தான். தள்ளி நில்லு.”

உண்மையைச் சொன்னால் இரண்டு பேரையும் இங்கேயே கொன்று போடுவார். வேறென்ன சொல்லி நிறுத்துவது என்று தேடினான். அதற்குள் வண்டி சீறிக் கிளம்பிவிட்டது. அக்கா சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அவன் பார்த்ததே இல்லை. எதிரே கிடங்குச் சுவர் வந்தது.

“அக்கா, திருப்பாத! நிறுத்து!”

அவளுக்குக் கேட்கவில்லை. வெல்டர் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே பாய்ந்தான். அவள் திருப்பினாள்; கம்பி கையோடு வந்துவிட்டது. சட்டம் அவன் முழங்காலுக்குக் கீழே இடித்து, எலும்பு முறிந்தது அவன் காதுக்கே கேட்டது. அக்கா அவன் மேல் வந்து விழுந்தாள்.

ஓடி வந்த மாமா மனைவியைப் பார்க்கவில்லை, கம்பியைத்தான் பார்த்தார். எடுத்து நுனியைத் திருப்பிப் பார்த்தார். இரண்டே பொட்டு.

“எனக்கா வச்ச? என்னையவாடா கொல்லப் பாத்த?”

அந்தக் கம்பியாலேயே முதல் அடி தோளில். இரண்டாவது காதோரம். கண்ணில் ரத்தம் இறங்கியது. மூன்றாவது விழவில்லை. அக்கா எழுந்து கம்பியின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். ஒரே இழுப்பில் பிடுங்கினாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடா?” என்றாள் தம்பியிடம். அவள் குரலில் அழுகை இல்லை. வெல்டர்தான் அழுதான்.

“குடுடி அத,” என்று மாமா கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. சிராய்த்த முழங்கையிலிருந்து ரத்தம் சொட்ட, கம்பியை இரண்டு கையாலும் மாற்றிப் பிடித்தாள். நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவும் மறந்து, மாமா ஓரடி பின்னால் வைத்தார். பிறகு இன்னொரு அடி.