ஏழு புத்தகத்து மாதம்மாள்

சாமக்கொல்லையில் மாதம்மாள் என்று கூப்பிட்டால் ஒன்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் யாரும் மொட்டையாக அப்படிக் கூப்பிடுவதில்லை. பாறைமேட்டு மாதம்மா, கெணத்து வூட்டு மாதம்மா, நெட்ட மாதம்மா என்று ஆளுக்கொரு அடையாளம் உண்டு. ஒரு மாதம்மாளின் ஆடு இன்னொருத்தி கொல்லையில் மேய்ந்தாலும் ஆளை மாற்றித் திட்டியவர்கள் அந்த ஊரில் கிடையாது. அப்பேர்ப்பட்ட ஊர், ஒரு செல்போன் சொன்னதை நம்பி, பாறைமேட்டு மாதம்மாளை வேடியப்பன் கோயிலுக்கு வரச் சொல்லிவிட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் எழுதியது ஒரே ஒரு புத்தகம். தங்கை கல்பனா பிரசவ வலியில் துடித்தபோது மலைமேல் இருக்கிற ஊருக்கு ரோடு இல்லை. மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி, அதில் அவளைக் கிடத்தி, ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். காவலூர் ரோட்டைத் தொடுவதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது, கல்பனா போய்விட்டாள். பிறகு விசாரிக்க வந்த அதிகாரி ஒருவர், "உங்க ஊர்ல மொத்தம் எத்தன வண்டி இருக்கு, ரோடு கேக்கறீங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பொறுக்காமல்தான் ப்ளஸ் டூ வரை படித்த மாதம்மாள் பேனாவை எடுத்தாள். சாமை அறுத்த கையோடு உட்கார்ந்து எழுதி முடித்தாள். 'கல்பனாவைத் தூக்கிப்போன வழி' என்று பேர் வைத்தாள். செங்கத்தில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் ஜீவானந்தம் அதை அச்சுப் போட்டார்.

அன்று பிறந்த பிள்ளைதான் நிவேதா. பிறந்த நாளிலிருந்து மாதம்மாளிடம்தான் வளர்கிறாள். அவளைத்தான் அம்மா என்கிறாள். பெற்ற தகப்பன் சந்திரன் செங்கத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். பண்டிகைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து தலைகாட்டிவிட்டுப் போவான். இதுவரை ஒரு தடவைகூடப் பிள்ளையை அனுப்பு என்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறான். அதுவும் ஊரைக் கூட்டிக் கேட்கிறான்.

அவன் கையில் வைத்திருந்த காரணம் செல்போனில் இருந்தது. புத்தகம் விற்கிற ஏதோ ஒரு இணையக் கடையில் மாதம்மாளின் போட்டோவைப் போட்டு, கீழே ஏழு புத்தகங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒன்று அவளுடையது. மற்றவை ஊறுகாய் போடுவது, தையல் மெஷின் ரிப்பேர், கன்னி ராசிக்குச் சனிப்பெயர்ச்சிப் பலன், பங்குச் சந்தையில் பணம் பண்ணுவது, எறும்பும் ஏரோப்பிளேனும் பேசிக்கொள்ளும் குழந்தைக் கதை. ஏழாவது 'காட்டுத்தேன் இரவுகள்'. அட்டையில் ஒரு மலைக்காட்டுப் பெண் ரவிக்கை இல்லாமல் நின்றாள். உள்ளே இருந்ததை இங்கே சொல்ல எனக்கே வாய் கூசுகிறது.

மாதம்மாள் முதலில் ஜீவானந்தத்துக்குத்தான் போன் போட்டாள்.

"இன்னாங்க இது? நான் எப்பங்க ஊறுகா புஸ்தகம் எய்தனேன்?"

"அது கம்ப்யூட்டர் பண்ற வேலைங்க. பேரு ஒண்ணா இருந்தா ஒரே ஆளுன்னு சேத்துடும். மாத்தச் சொல்லி மெயில் போட்டிருக்கேன். நாளாவும். ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா, இதனால உங்க புஸ்தகமும் நல்லா ஓடுது."

"ஓடுதா? இங்க என் மானம் ஓடுதுங்க. அட்டையில இனிஷியலும் ஊர்ப் பேரும் போடுங்கன்னு அன்னிக்கே சொன்னனா இல்லியா?"

"ஒத்தப் பேரா இருந்தா அட்டைக்கு அழகுன்னு..."

"அழகு! அந்த அசிங்கத்த எய்துனவ யாருங்க? அவ நம்பராவது குடுங்க."

"அவ இல்லீங்க, அவன்," என்றார் ஜீவானந்தம். "சென்னையில ஒரு ஆளு. மலைப் பொம்பள பேர வெச்சா நல்லா விக்கும்னு வெச்சிருக்கான்."

மாதம்மாள் போனைத் தூக்கி எறிந்திருப்பாள். அதை வாங்க இரண்டு அறுவடை ஆனதை நினைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மாதம்மாள் என்பது பிள்ளை தங்க வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வைக்கிற பேர். எவனோ ஒருவன் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து அதை எடுத்துத் தன் அழுக்கின் மேல் போர்த்திக்கொண்டிருக்கிறான். அவனை யாரும் எந்தக் கோயிலுக்கும் கூப்பிடப் போவதில்லை. கூப்பிடுவது இவளைத்தான்.

கோயில் என்றால் புளிய மரத்தடியில் நிற்கிற நடுகல்தான். ஊர்க்கவுண்டர் காசி துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மாதம்மாளின் புருஷன் மணிவேல் ஆண்களோடு உட்கார்ந்து தரையில் குச்சியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். கட்டினவன் வாயைத் திறப்பான் என்று ஒரு நிமிடம் பார்த்தாள். அவன் இன்னொரு கோடு கிழித்தான். நிவேதா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரிய பிரச்சினையா இத இழுக்க வாணாம்," என்றார் காசி. "கல்லுக்கு முன்னால கற்பூரத்தக் கொளுத்தி அணைச்சி, மாதம்மாளாகிய நான் இத எய்தலன்னு சத்தியம் பண்ணிடு. முடிஞ்சிது."

"அவ சத்தியம் பண்ணாலும் பண்ணாட்டியும் நான் புள்ளய இட்டுனு போவப்போறேன்," என்றான் சந்திரன். "இந்த மாதிரி எய்தற பொம்பள வூட்டுல எம்பொண்ணு வளரக் கூடாது."

மாதம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எந்த மாதம்மா சத்தியம் பண்ணணும் மாமா? பேருதான் சாட்சின்னா ஒம்பது பேரும் வரட்டும். ஏய் நெட்டம்மா, எழுந்து வா. ஊறுகா புஸ்தகம் நீ எய்தனியா? கெணத்து வூட்டம்மா, ஷேர் மார்க்கெட்டு உன்னுதா? மேல குந்தினு இருக்கற அம்மனுக்கும் அதே பேருதான். அவளயும் எறங்கி வரச் சொல்லுங்க."

பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. காசி முகம் சிவந்தார்.

"சாமிய இழுக்காத! போன்ல உன் போட்டோதான போட்டிருக்குது?"

"ஆடு மேஞ்சா எந்த மாதம்மா ஆடுன்னு கரெக்டா வந்து நிக்கறீங்க. என் பேரு மேஞ்சா மட்டும் ஒங்களுக்கு ஆளு தெரியாதா? என் புஸ்தகத்த ஊருக்குன்னு வூடுவூடா குடுத்தேன். உங்க வூட்டுக்கும்தான் குடுத்தேன். எங்க மாமா அது?"

காசியின் மருமகள் தேவயானி மெல்லிய குரலில், "பீரோ ஆடுதுன்னு அடியில வெச்சிருக்குதுக்கா," என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"அத படிச்சவங்க யாராவது இருந்தா கையத் தூக்குங்க," என்றாள் மாதம்மாள். ஒரு கையும் எழவில்லை. கல்பனாவைத் தூக்கிப்போன ஆண்கள் அத்தனை பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தோள் கன்றிப்போனதையும், மழையில் வழுக்கியதையும், ஒருத்தர்கூடக் கழியைக் கீழே வைக்காததையும் அவள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். அழுதால் தோற்றோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சந்திரனிடம் திரும்பினாள்.

"நீ படிச்சியா சந்திரா?"

"எத?"

"காட்டுத்தேன்."

"படிச்சிட்டுத்தான பேசறேன். காசு கட்டி எறக்கிப் படிச்சேன். அத்தனையும் அசிங்கம்."

"காசு கட்டி அத படிச்ச. உம்பொண்டாட்டி செத்த கதய சும்மா குடுத்தேன், அத நீ தொறந்துகூடப் பாக்கல. நீயெல்லாம் எனக்கு ஒழுக்கம் சொல்ல வந்துட்ட."

"எப்பிடி தொறப்பேன்?" சந்திரன் கத்தினான். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. "அதுல இன்னா எய்தி வெச்சிருக்கியோ! புள்ள எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிடுச்சி. போன தபா வந்தப்ப பிஸ்கட் பாக்கெட்ட முழுசாப் படிச்சிது. நாளைக்கு உன் புஸ்தகத்தப் படிக்கும். நான் போன கட் பண்ணத படிச்சிட்டு எங்கிட்ட வந்து நிக்கும். அதுக்கு நான் இன்னா சொல்றது?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கையிலிருந்த செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கல்பனாவுக்கு வலி கண்ட அன்று அவன் படவேட்டுத் திருவிழாவுக்குப் போயிருந்தான். அங்கே டவரே கிடைக்கவில்லை, தகவல் தெரியவில்லை என்றுதான் ஊர் இத்தனை காலம் நம்பியிருந்தது. பாறைமேட்டில் ஏறி நின்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டவள் மாதம்மாள். ரிங் போனது, அவன் வெட்டினான். மறுபடியும் போனது, மறுபடியும் வெட்டினான். கூட இருந்த சிநேகிதர்கள், குடி, வீட்டிலிருந்து தொல்லை என்ற சலிப்பு. அவன் வருவான் வருவான் என்று கல்பனா புறப்பட மறுத்ததில்தான் பொழுது போய்விட்டது.

"எய்தலடா," என்றாள் மாதம்மாள். "உம்பொண்ணு என்னிக்காவது படிக்குமேன்னு அத மட்டும் எய்தல. எல்லாத்தயும் எய்தனேன், உன்ன காப்பாத்தி வுட்டேன். இப்ப ஊரே கேக்க நீயே சொல்லிட்ட."

கடைசிவரை பின்பக்கக் கழியைத் தாங்கியவர் காசிதான். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"டவர் இல்லன்னு சொன்னியேடா," என்றார். "அவ பொணத்த எடுத்த எடத்துல நின்னு எங்கிட்ட சொன்னியேடா."

ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து சந்திரனை விட்டுத் தள்ளி நின்றார்கள். மணிவேல் குச்சியைப் போட்டுவிட்டு மனைவி பக்கம் வந்தான். அவள் அவனைக் கண்டுகொள்ளவில்லை. சத்தியத்தைப் பற்றியோ, பிள்ளையைப் பற்றியோ அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. மாதம்மாள் நிவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். ஜெயித்த சந்தோஷம் துளிகூட இல்லை. அந்த ஏழு புத்தகங்களும் இன்னும் அந்தப் போனில் அவள் முகத்துக்குக் கீழேதான் இருந்தன.

புளிய மரத்தைத் தாண்டியதும் நிவேதா நின்றாள்.

"அம்மா, அப்பா எந்த போன கட் பண்ணாரு?"