லேஸ் துணியில் வந்த போத்தல்

பிளாஸ்டிக் குப்பிகள் வந்த நாளோடு றமீஸுக்கு வேலையில் இருந்த ருசி போய்விட்டது. மலப் பரிசோதனை செய்கிறவன் ருசியைப் பற்றிப் பேசக்கூடாதுதான். ஆனாலும் 2009இல், சண்டை முடிந்த கையோடு, வெள்ளை மூடி போட்ட ஆயிரம் குப்பிகள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வந்து இறங்கியபோது, பெருமூச்சோடுதான் அவற்றை அடுக்கினான். எல்லாம் ஒரே முகம். எது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யார் சொல்வது?

சுனாமிக்கு அடுத்த வருசம் அப்படியா இருந்தது? ஜாம் போத்தலில் வரும், தைலச் சீசாவில் வரும், தீப்பெட்டியில் வரும். பெரியநீலாவணை மீனவர் ஒருவர் சிரட்டையில் கொண்டுவந்தார். போகும்போது சிரட்டையைத் திருப்பிக் கேட்டார். வரிப்பத்தான்சேனை விவசாயி ஒருவர் பால்மா டின் நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "குறைஞ்சாச் சொல்லுங்க தம்பி, நாளைக்கும் தாறன்" என்றார்.

அவற்றிலெல்லாம் அவன் மனதை விட்டுப் போகாதது ஒன்றுதான். வெள்ளை லேஸ் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு வந்த போத்தல். இருபத்தேழாம் நம்பர்.

பெயர் கிடையாது. எச்.ஐ.வி உள்ளவர்களின் பரிசோதனைத் துண்டில் டொக்டர் கனகேஸ்வரி நம்பரை மட்டுமே எழுதுவார். பெயர் வெளியே போனால் சுனாமி அகதி முகாமின் தண்ணீர் வரிசையில்கூட அந்த ஆளுக்கு இடமிருக்காது. முகாமில் முதல் இரண்டு மாதம் எல்லாருக்குமே வயிற்றோட்டம் என்பதால் இருபத்தேழாம் நம்பரின் வயிற்றோட்டம் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொண்டது. பிறகு மற்றவர்களுக்கு நின்றுவிட்டது. அவருக்கு நிற்கவில்லை.

"றமீஸ், இந்த மனுசன் முப்பத்தெட்டுக் கிலோ" என்றார் டொக்டர். "இன்னும் ரெண்டு மாசம் இப்பிடிப் போனா ஆள் இல்ல. வயித்துக்குள்ள என்ன கிடக்கெண்டு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாக்கிறன்."

றமீஸ் பார்த்தான். உருண்டைப் புழுவின் முட்டைகள். டொக்டர் புழு மாத்திரை கொடுத்தார். மூன்று கிழமைக்குப் பிறகு இரண்டாவது லேஸ் துணி வந்தது. அதே முட்டைகள். மறுபடியும் மாத்திரை. மூன்றாவது லேஸ் துணியிலும் முட்டைகள் குறையாமல் இருந்தன.

"இதென்ன புழு? சுனாமியிலயும் சாகல்ல, மருந்துக்கும் சாகல்ல" என்றார் டொக்டர். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இப்ப முப்பத்தஞ்சு."

அன்றைக்குத்தான் றமீஸ் அந்தத் துண்டை முழுவதும் வாசித்தான். நாளுக்கு எழுபது போத்தல் பார்க்கிறவன் நம்பரோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். 'நாளொன்றுக்குப் பதினான்கு தடவை. தண்ணீர் போல. ஐந்து மாதமாக' என்று எழுதியிருந்தது. துண்டைப் பார்த்தான், போத்தலைப் பார்த்தான். போத்தலுக்குள் இருந்தது மாவடிப்பள்ளி வயலில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு இரண்டு கோப்பை சோறு தின்ற ஆளுடையதுபோல நிமிர்ந்து நின்றது. பதினான்கு தடவை போகிறவரிடம் இவ்வளவு கம்பீரம் மிஞ்சாது.

வெளியே வந்தான். விறாந்தையில் கறுப்பு அபாயா போட்ட பெண் வழக்கம்போல லேஸ் துணியைத் திரும்ப வாங்கக் காத்துநின்றாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"தங்கச்சி, இது ஆருட?"

"இருபத்தேழாம் நம்பர்ட."

"நம்பருக்குத் தண்ணி மாதிரிப் போகுதெண்டு எழுதிக் கிடக்கு. இது அவர்ட இல்ல."

அவள் தரையைப் பார்த்தாள். தரையில் உதவி கிடைக்கவில்லை.

"என்ட" என்றாள்.

"மூணு தரமும்?"

"ஓம்."

றமீஸுக்கு எல்லாம் விளங்கியது. மாத்திரை குடித்தது அவர். புழு இருந்தது இவளிடம்.

"அல்லாஹ்! ஏன் தங்கச்சி?"

தங்கச்சி என்றவனை அவளும் அண்ணனாக்கிக்கொண்டாள். "எப்பிடிக் காக்கா அதக் கொண்டு வாற? ஊட்ட உட்டு வெளிய போற சாமான். அது வெறும் தண்ணி, மணம் வேற. மாப்பிளட மானம் என்ட கையிலதானே. அதக் கொண்டுவந்து உங்கட மேசையில வெச்சா, மறுகா அவர்ட மூஞ்சில நீங்க எப்பிடி முழிக்கிற?"

"நான் ஏன் அவர்ட மூஞ்சில முழிக்கோணும்?"

"ஒண்டாப் பந்தடிச்ச ஆக்கள்தானே. என்னத் தெரியல்லயா? முனவ்வறா. மீராசாட பொஞ்சாதி."

இந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். அவனுக்கு ஒரு குறை என்றால் பெண் வீட்டுக்கே குறை. அவனுடைய உம்மாவுக்குச் சோறு அனுப்பினாலும் நல்ல இறைச்சித் துண்டை மேலே வைத்து, லேஸ் துணியால் மூடித்தான் அனுப்புவார்கள். முனவ்வறா அதே சட்டத்தைப் போத்தலுக்கும் போட்டுவிட்டாள். துணியும் அதே துணி. வீட்டில் கடல் விட்டுவைத்தது அது ஒன்றுதான்.

றமீஸ் சுவரில் சாய்ந்தான். மீராசா! கல்முனைக்குடிக் கடற்கரையில் இரண்டு தோணிகளுக்கு நடுவே கோல் காத்தவன். பாய்ந்து விழுந்து, வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு, "வரட்டும்டா அடுத்தது" என்பான். பிறகு கட்டாரில் வேலை. அங்கே இரத்தம் சோதித்த மறுநாளே திருப்பியனுப்பும் விமானம். ஊருக்கு நீரிழிவு, சீனி வருத்தம் என்று சொல்லியிருந்தார்கள். சீனி வருத்தக்காரனைப் போய்ப் பார்க்க என்ன அவசரம் என்று றமீஸும் இரண்டு வருசம் ஆறுதலாக இருந்துவிட்டான். இப்போது நண்பன் முப்பத்தைந்து கிலோ.

"நாளைக்கு அவர்டயக் கொண்டு வாங்க" என்றான். "என்ட மேசைக்கு மானம் மரியாதை ஒண்டும் தெரியா. தண்ணியா இருந்தாத்தான் அதுக்குச் சந்தோசம்."

"நீங்கதான் பாக்கிற எண்டு அவருக்குத் தெரிய வேணாம்."

"நான் ஆருக்கும் சொல்லமாட்டன். அந்தப் புழு மாத்திரைய மட்டும் இனி நீங்க குடிங்க."

அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று றமீஸுக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் போத்தல் வந்தது. லேஸ் துணி தோய்த்து, மினுக்கி, மடிப்புக் குலையாமல் இருந்தது. உள்ளே உண்மை இருந்தது; மணத்தோடு. காசநோய்க் கிருமி பார்க்க வைத்திருந்த சிவப்புச் சாயத்தை எடுத்து ஏற்றினான். நுணுக்குக்காட்டியில் குனிந்தான். நீலத் தரையில் சிவப்பு நெல்மணிகள் சிதறிக் கிடந்தன. ஐசோஸ்போரா. நோய் எதிர்ப்புக் காவல் உள்ள வயிற்றுக்குள் போனால் கொஞ்ச நாளில் வெளியேறிவிடுகிற அற்பப் பிராணி. கோல் காப்பவன் இல்லாத வயிற்றில் அது நினைத்தபடி அடித்துக்கொண்டிருந்தது.

டொக்டரின் அறைக்கு ஓடினான். மருந்து ஒன்றும் அபூர்வமானதல்ல. எந்த ஆஸ்பத்திரியிலும் கிடக்கிற, சளித் தடிமனுக்குக்கூட எழுதித் தள்ளுகிற கொட்ரைமொக்சசோல். மூன்றாம் நாள் பதினான்கு ஆறாகியது. பத்தாம் நாள் ஒன்றாகியது. எழுந்து உட்கார்ந்த மீராசாவை டொக்டர் கொழும்பு கிளினிக்குக்கு அனுப்பி, எச்.ஐ.விக்கான மருந்தையும் தொடங்கிவைத்தார். ஐம்பது கிலோ தாண்டிய அன்று முனவ்வறாவே அவனிடம் போத்தல் கதையைச் சொன்னாள். அவன் கட்டிலிலிருந்து விழ விழச் சிரித்தானாம்.

புதுக் குப்பிகளை றமீஸ் அடுக்கி முடித்தபோது, விறாந்தையில் யாரோ செருமினார்கள். மீராசா. அறுபத்தொரு கிலோ. நேற்றுப் பெருநாள். கையில் ஜாம் போத்தல், வெள்ளை லேஸ் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு.

றமீஸ் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தான். முடிச்சை அவிழ்த்தான். உள்ளே மண்ணிறமாக, கெட்டியாக ஏதோ இருந்தது. பழக்கதோசத்தில் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான்.

"இது ஆருடடா?"

"வட்டிலப்பம் மச்சான். அவள் செஞ்சது. இந்த முறை மாத்தல்ல எண்டு சொல்லச் சொன்னாள்."

றமீஸ் மணந்து பார்த்தான். ஏலக்காய், கருப்பட்டி, தேங்காய்ப்பால். வாங்குப் பலகையில் உட்கார்ந்து விரலாலேயே தோண்டித் தின்னத் தொடங்கினான். மீராசா போகாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"என்னடா?"

"துணி" என்றான் மீராசா.